வாக்குத்தத்த அட்டையும் மணல் மூடிய வயலும்

வெருகல்கரை எழுதியது:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். திருகோணமலை நகரத்தில் வசிக்கும் நான், சில மாதங்களாக மனதுக்குள் அடக்கி வைத்திருந்த ஒரு கேள்வியை இங்கே எழுதுகிறேன். 2024 டிசம்பர் 31ஆம் திகதி இரவு, எங்கள் சபையில் வருட இறுதி ஆராதனை முடிந்ததும், புதிய ஆண்டுக்கென ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்டு, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்தேன். எரேமியா 29:11 வந்தது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரியை வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் என் கணவருக்கு நிரந்தர வேலை இருக்கவில்லை. அட்டையை அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.

அடுத்த ஒக்டோபரில், மாமா விட்டுச்சென்ற வெருகல் பக்கத்து இரண்டு ஏக்கர் வயலில், என் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை அடகு வைத்துப் பெரும்போகம் விதைத்தோம். நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மகாவலி பெருகி வந்தது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தபோது, பயிர் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மணல் கிடந்தது. வரம்பு எங்கே இருந்தது என்றுகூட எங்களால் அடையாளம் காண முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கணவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தேன். அட்டையைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, வாசிக்கவும் முடியவில்லை.

சபையில் ஆறுதல் தேடிப் பேசியபோது, "உங்கள் விசுவாசத்தில் எங்கே குறை என்று சோதித்துப் பாருங்கள்" என்றார் ஒருவர். அவர் தீய நோக்கத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லோடுதான் பல இரவுகள் படுத்தெழும்பினேன்.

எனக்கு நாற்பது வயதாகிறது. 1990இல் போரால் தாயின் இடுப்பில் இருந்தபடி இடம்பெயர்ந்தேன். பிறகு 2004இல் சுனாமி, 2006இல் மீண்டும் போர், 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2022இல் பொருளாதார நெருக்கடி, இப்போது இது. விசுவாசம் மனிதரை நிலைநிறுத்தும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அது எதை நிலைநிறுத்துகிறது? வயலையும் வேலையையும் நிறுத்தவில்லை என்பது கண்கூடு. மனதை என்றால், என் மனமும் நிற்கவில்லையே. அனுபவப்பட்டவர்கள் பொறுமையோடு பதில் சொல்ல வேண்டுகிறேன்.

சாட்சி எழுதியது:

சகோதரி, உங்கள் கண்ணீரை ஆண்டவர் அறிவார். நான் ஒரு சுயாதீன சபையைச் சேர்ந்தவள். வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தைக் குறை சொல்வோர் இங்கே பலர் உண்டு என்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறேன். என் கணவர் பதினேழு ஆண்டுகள் குடித்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். பதினேழு ஆண்டுகளும் அது நடக்காமலே போனது, பதினெட்டாம் ஆண்டில் நடந்தது. அந்த வசனங்கள் இல்லாதிருந்தால் இடையிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியிருப்பேன். ஆகவே அட்டையைக் கிழிக்காதீர்கள். உங்களிடம் குறை தேடச் சொன்னவரின் சொல்லை மட்டும் கழற்றி எறியுங்கள். வேதாகமத்தில், குற்றமின்றியே துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்களும் அதையேதான் செய்தார்கள். கடைசியில் கர்த்தர் கடிந்துகொண்டது யோபுவின் அந்த நண்பர்களைத்தான்.

கொட்டியாரக்குடா எழுதியது:

தங்கச்சி, நான் கத்தோலிக்கன், கடற்தொழில் செய்கிறவன். வேதசாஸ்திரம் படித்தவனில்லை. நிலைநிற்றல் என்ற சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததை என் தொழிலிலிருந்தே சொல்ல முடியும்.

எபிரேயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் நம்பிக்கையை நங்கூரம் என்று எழுதியிருக்கிறது. கரையில் இருந்து வாசிப்பவர்கள், நங்கூரம் போட்டால் வள்ளம் அசையாது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நங்கூரத்தில் நிற்கும் வள்ளம் விடிய விடிய ஆடும், சுழலும், தண்ணீர் அடிக்கும், உள்ளே இருப்பவர் வாந்தி எடுப்பார். அது செய்யும் வேலை இரண்டே இரண்டு: வள்ளத்தைப் பாறைக்கு அடித்துச்செல்ல விடாது; அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தை, காற்றின் பக்கம் திருப்பி வைக்கும். பக்கவாட்டில் அலை வாங்கும் வள்ளம் கவிழும், அணியத்தால் வாங்கும் வள்ளம் தாங்கும். உங்கள் மனம் ஆடுகிறது என்பதால் நங்கூரம் அறுந்துவிட்டது என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று கயிறு. பத்துப் பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழமுள்ள இடத்தில் பத்துப் பாகக் கயிறு விட்டால் நங்கூரம் நிலத்தைப் பிடிக்காது. அலை தூக்கும்போது நேரே மேலே இழுபட்டுக் கழன்றுவிடும். ஐந்து மடங்காவது கயிறு வேண்டும். அப்போதுதான் இழுப்பு கிடையாக விழுந்து கொக்கி சேற்றுக்குள் இறங்கும். காற்று கூடக் கூட இன்னும் கயிறு விட வேண்டும். எங்கள் குடாவில் கரைக்குக் கிட்டவே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. அதற்கு மேலே நின்று எவ்வளவு நல்ல நங்கூரத்தைப் போட்டாலும் பயனில்லை. அதனால் காற்று வருவதற்கு முன்பே எங்கே போய் நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள் வந்த சுனாமியில், எங்கள் இரண்டு வள்ளங்களும் வலைகளும் போயின, அப்பாவின் தங்கையும் அவரது இரு பிள்ளைகளும் போனார்கள். அப்பா அதன்பின் எட்டு மாதம் கடலைப் பார்க்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை, பங்குத்தந்தை வந்தபோது முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஆனால் மாலையில் அம்மா விளக்கேற்றிச் செபமாலை சொல்லத் தொடங்கியதும் வந்து சுவரோரம் சாய்ந்து உட்காருவார். வாய் அசையாது, விரல்கள் மட்டும் மணியை உருட்டும். அவர் அன்று விசுவாசித்தாரா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக ஒவ்வொரு மாலையும் சொல்லிவந்த செபம்தான் அவருக்கு விடப்பட்டிருந்த நீளக் கயிறு என்று இன்று விளங்குகிறது. சாதாரண நாட்களில் அது வெறும் பழக்கமாக, சில வேளைகளில் அலுப்பாகக்கூடத் தெரிந்தது.

நங்கூரம் போட்டவன் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. கயிற்றின்மேல் கை வைத்துப் பார்ப்பான். நிலத்தில் இழுபட்டால் கயிறு நடுங்கும், பிடித்திருந்தால் இறுகி நிற்கும். உங்களுக்கு வாசிக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இறுகி நிற்கும் கயிறாகவே படுகிறது.

பழைய ஆசிரியர் எழுதியது:

மகளே, மெதடிஸ்த சபையில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருப்பவன், ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மேலே கடற்தொழிலாளர் தம்பி எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. இருந்தாலும் உங்கள் அட்டையில் இருந்த வசனத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவது சரியாகாது.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. அதாவது முதல் வாசகர்கள் இடம்பெயர்ந்தவர்கள். வீட்டையும் வயலையும் இழந்தவர்கள். அட்டையில் பதினொராம் வசனம் மட்டும் அச்சிடப்படுகிறது. அதற்கு முந்திய பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் நடுவயதைக் கடந்த எவரும் அந்த முடிவைத் தம் கண்ணால் காணப் போவதில்லை. ஐந்தாம், ஆறாம் வசனங்களில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்றும், ஏழாம் வசனத்தில் உங்களைச் சிறைவைத்திருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் சொல்லப்படுகிறது.

இதற்கு முந்திய அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னும் அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தையும் உடைத்துப் போடுகிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: எரேமியா உடனே அவனை எதிர்க்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்று சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. தன் ஊர் பிழைக்க வேண்டும், தன் மக்கள் திரும்ப வேண்டும் என்று அவர் ஏங்கினார். ஆசைப்படுவது பாவமில்லை. ஆனால் ஆசையையே தேவனுடைய வார்த்தையாக்கி இரண்டு வருடத் தவணை கொடுத்தவன் கள்ளத் தீர்க்கதரிசியானான். சகோதரி சாட்சி பதினேழு ஆண்டுகள் பிடித்திருந்தது எரேமியாவின் வகையைச் சேர்ந்த வாக்குத்தத்தம்; அதில் குறுகிய தவணை இல்லை. இன்று நம் ஊர்ப் பிரசங்க மேடைகள் சிலவற்றில் "இந்த மாதத்துக்குள்" என்று சொல்லப்படுவது அனனியாவின் வகையைச் சேர்ந்தது. அதை மனவருத்தத்தோடு எழுதுகிறேன். ஏமாந்து போகிறவர்கள் ஏழைகளே. இரண்டாம் முறையும் ஏமாந்தபின் அவர்கள் ஜெபிக்கவே கூச்சப்படுகிறார்கள்.

நம் கிழக்கிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1813ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்ற முதியவரின் தலைமையில் மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். கோக் நடுக்கடலில் இறந்துபோனார். வில்லியம் ஓல்ட் என்பவர் அதே பயணத்தில் தன் மனைவியையும் கடலில் அடக்கம் செய்தார். காலியில் இறங்கியபின் தனியாக மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, 1815 ஏப்ரலில் காலமானார். ஓராண்டுகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர் வைத்த பள்ளிக்கூடம் இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரி என்ற பெயரில் இருக்கிறது. அவருக்கு யாராவது வருட இறுதியில் ஓர் அட்டை கொடுத்திருந்தால், அந்த வாக்கு நிறைவேறியது என்று அவர் எப்படி எழுதியிருப்பார்?

உவர்மலை நண்பன் எழுதியது:

நான் சைவன். என் மனைவியின் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் இவ்விவாதத்தை ஆர்வத்தோடு வாசிக்கிறேன். யாரையும் புண்படுத்தும் நோக்கமின்றி ஒன்று கேட்க விரும்புகிறேன். துன்பம் வரும்போது தாங்கும் பலத்தைச் சமயம் தருகிறது என்பதை ஏற்கிறேன். கோணேசர் சந்நிதியில் நானும் அப்படித்தான் நிற்கிறேன். ஆனால் வெள்ளத்துக்கு முன் எச்சரிக்கை உரிய நேரத்தில் உரிய மொழியில் வந்ததா, 2022இல் நாட்டைக் கடனில் மூழ்கடித்தது யார் என்ற கேள்விகளை இந்தத் தாங்கும் பலமே மழுங்கச் செய்துவிடாதா? எல்லாம் அவன் செயல் என்று இருந்துவிட்டால், பொறுப்பானவர்கள் தப்பிவிடுகிறார்கள் அல்லவா?

பழைய ஆசிரியர் எழுதியது:

நண்பரே, இது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை ஒருமுறை உங்கள் மனைவியின் வேதாகமத்தில் வாசித்துப் பாருங்கள்; துறைமுகப் பட்டணத்தில் பிறந்த எவருக்கும் அது எளிதில் விளங்கும். பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். குளிர்காலம் நெருங்கிவிட்டது, இப்போது புறப்பட்டால் சேதம் வரும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். கைதிகளுக்குப் பொறுப்பான ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியோ, மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பிப் புறப்பட உத்தரவிடுகிறான். புயல் வந்தபின் பவுல் எழுந்து, என் சொல்லைக் கேட்டிருந்தால் இந்த நஷ்டம் வந்திராதே என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அதற்குப் பிறகுதான் தைரியமாயிருங்கள் என்கிறார். பொறுப்பைக் கேட்பதும் ஆறுதல் சொல்வதும் ஒரே வாயிலிருந்து, ஒரே பேச்சில் வருகின்றன.

பதினான்காம் இரவில் ஆழம் அளந்து பார்த்து, பாறையில் மோதிவிடுவோம் என்று அஞ்சி, நான்கு நங்கூரங்களைப் பின்னணியத்திலிருந்து இறக்கிவிட்டு, விடியலுக்காக ஏங்கியிருந்தார்கள். அந்த இருட்டில் கப்பலாட்கள் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுல் காட்டிக்கொடுக்கிறார். 2022இல் நாட்டைவிட்டுத் தப்பியோடியவர்களை நினைத்தபடி அந்த வசனத்தை வாசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கப்பல் கடைசியில் உடைந்துதான் போனது. 276 பேரும் கரை சேர்ந்தார்கள், சிலர் நீந்தி, சிலர் பலகையைப் பிடித்துக்கொண்டு.

கொட்டியாரக்குடா எழுதியது:

ஆசிரியர் ஐயா விட்ட ஓர் இடத்தை நான் சேர்க்கிறேன். விடியுமுன் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லோர் முன்னும் நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் சாப்பிட்டார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. அதற்கு முன்பு விலை குறைவாக இருந்தும் எண்ணெய் கிடைக்கவில்லை, பிறகு எண்ணெய் கிடைத்தும் வாங்கப் பணமில்லை. அயலில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில் ஒன்பது வீடுகள். ஒன்பது வீட்டு அரிசியையும் ஒரே பானையில் போட்டு, விறகடுப்பில் பகலில் ஒரு நேரம் சமைத்தோம். பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரர் கிண்ணியாவிலிருந்து மரக்கறி கொண்டுவந்து தருவார். "அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" என்று பிறந்த நாள் முதல் சொல்லிவந்த செபத்தில், "எங்களுக்கு" என்ற சொல் எவ்வளவு பெரியது என்று எனக்கு அந்தப் பானையின் முன்னால்தான் தெரிந்தது.

பாலையூற்று எழுதியது:

எல்லோரும் எழுதியதை இரண்டு நாட்களாக வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் அண்ணா 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அதே மாதம் 15ஆம் திகதி, மாதாவின் திருவிழாவன்று, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்து பயிற்றுவித்த இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் மட்டக்களப்புக்குச் செல்லும் வழியில் காணாமற்போனார். ஊருக்கு நன்மை செய்த குருவானவருக்கே அந்த நிலை என்றபோது, எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக யாரிடம் போய்க் கேட்பது என்று அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

புயலில் வயல் போனால் போனது என்று தெரியும். எங்களுக்கு அதுவும் தெரியாது. இறந்தவர்களுக்கான பூசையில் அண்ணாவின் பெயரைக் கொடுப்பதா, உயிருள்ளவர்களுக்கான மன்றாட்டில் கொடுப்பதா என்று அம்மா முப்பது ஆண்டுகளாகத் தடுமாறினார். இரண்டிலும் கொடுத்தார். கடைசிக் காலத்தில் ஒரு குருவானவர், அம்மாவைத் தேற்றும் நோக்கத்தோடு, மகனை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கள் என்றார். அம்மா, "ஒப்புக்கொடுக்க என் கையில் என்ன இருக்கிறது, சுவாமி?" என்று கேட்டார்.

திருப்பாடல்களில் 88ஆவது பாடல் இருக்கிறது. மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை எங்காவது ஓரிடத்தில் வெளிச்சத்துக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளோடு முடியும். ஆனாலும் அது ஆண்டவரை நோக்கிச் சொல்லப்பட்ட செபம். அதை விவிலியத்தில் வைத்தவர்களுக்கு நான் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன். மகிழ்ச்சியாக முடிக்க முடியாத எங்கள் செபத்தையும் செபம் என்று ஒப்புக்கொள்கிற சமயம் இது. தங்கச்சி, உங்களுக்கு ஆறுதலான சொல் வரவில்லை என்றால், ஆறுதலில்லாத சொற்களாலேயே செபியுங்கள். அம்மா இறக்கும் நாள்வரை அப்படித்தான் செபித்தார். அவர் உறுதியற்றவராக இருந்தார் என்று என் முன்னால் யாரும் சொல்ல முடியாது.

வெருகல்கரை எழுதியது:

பாலையூற்று அக்கா, உங்கள் பதிவை வாசித்தபின் நீண்ட நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அன்றிரவு கணவரையும் பிள்ளைகளையும் இருத்தி 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தேன். வெள்ளத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கணவர் அழுதார். அழுதபின் வயலைப் பற்றிப் பேசினார். காணியை விற்றுவிட்டு வெளிநாடு போக முகவர் ஒருவருக்குப் பணம் கட்டலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தாராம். எங்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டு மாதம் அதைச் சுமந்திருக்கிறார்.

ஆசிரியர் ஐயா, அனனியாவைத் தேடி வாசித்துக்கொண்டு போனபோது 32ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருக்கும் வேளையில், சிறைக்காவலில் இருக்கும் எரேமியா, ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, காணி உறுதிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்துப் பாதுகாக்கச் சொல்கிறார். எங்கள் மாமியும் 2006இல் ஓடியபோது சமைத்த சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு, காணி உறுதியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினவர். அந்த உறுதிதான் இப்போது எங்கள் அலுமாரியில் இருக்கிறது. விற்பதில்லை என்று இப்போதைக்குத் தீர்மானித்திருக்கிறோம். மணலை அகற்ற முடியுமா, சிறுபோகத்துக்குத் தண்ணீர் வருமா, நட்டஈடு கிடைக்குமா என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது. பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும்.

அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதன் கீழே ஐந்தாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் மகள் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

கொட்டியாரக்குடா எழுதியது:

தங்கச்சி, வருகிற சனிக்கிழமை எங்கள் பகுதியில் நாங்கள் தொழிலுக்குப் போகவில்லை. ஆறு பேர் வரலாம், மண்வெட்டியும் தட்டும் எங்களிடம் இருக்கின்றன. முழங்கால் அளவு மணலைக் கையால் இரண்டு ஏக்கரிலும் அள்ள முடியாது. ஆனாலும் வரம்பு எங்கே இருந்தது என்று தோண்டிக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு இயந்திரம் பிடிப்பவர்களுக்கு வேலை குறையும், எல்லைத் தகராறும் வராது. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுக் கிண்ணியாப் பாலத்தால் வருகிறோம். மூதூர் தாண்டி எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கணவரிடம் கேட்டு எழுதுங்கள்.

உவர்மலை நண்பன் எழுதியது:

என்னிடம் ஒரு சிறிய லொறி இருக்கிறது. நானும் வருகிறேன்.